விருந்தும் வம்பும்: கொல்லிமலையிற் குடிபுகுந்தோர்

முன்னுரை

ஓரிடத்திற் பலகாலம் ஒருங்கு வாழும் மக்களுக்கு எழுதப்படாத ஒழுகலாறுகள் பல உண்டு. நீரை எவ்வாறு பகிர்ந்துகொள்வது, வழக்கு எழுந்தால் யார் முன்னிலையிற் சொல்வது, எந்த மரத்தை வெட்டலாகாது, எந்த இடத்திற் குரலை உயர்த்தலாகாது என்பனவெல்லாம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டனவாகத் தோன்றா. இயல்பாகவே அமைந்தன போலத் தோன்றும். புதியராய் வருவோர் இவற்றை அறியார். தீய எண்ணம் சிறிதும் இன்றியே அவர் செய்யும் ஒரு செயல் பல தலைமுறை காத்த முறையைக் குலைத்துவிடக் கூடும். ஆயினும், புதியோரை ஏலாத குடி நாளடைவில் தேய்ந்து மறையும். ஆகவே புதியோர் வருதலும் வேண்டும்; பழைய முறை கெடாதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்வது எங்ஙனம்?

இவ்வினாவிற்குக் கொல்லிமலை தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஆம் ஆண்டிற் பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலை இது. இதனை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சங்கச் செய்யுட்கள், மக்களிடையே வழங்கும் செவிவழிக் கதைகள், இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகள், நம் காலத்தே கண்ணெதிரே நிகழும் மாறுதல்கள் ஆகிய நால்வகைச் சான்றுகளும் இம்மலை ஒன்றிற்கே கிடைக்கின்றன. புதியோர் வருகையை நெடிய கால அளவில் வைத்து நோக்க இதனினும் ஏற்ற இடம் அரிது.

1. இரு சொற்கள்

ஆராய்ச்சியைச் சொல்லிலிருந்து தொடங்குவது தமிழ் மாணவர்க்குப் பயன் தரும். புதுமை என்னும் கருத்தை உணர்த்தும் பழஞ்சொற்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கவை: ஒன்று விருந்து; மற்றொன்று வம்பு.

விருந்து என்பது முதற்கண் உணவைக் குறித்த சொல் அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புக்களுள் ஒன்றன் பெயர் விருந்து. புதிதாகப் புனையப்படும் யாப்பினை அது குறிக்கும். இங்ஙனம் புதுமையைச் சுட்டிய சொல், புதியராய் வந்த மக்களைச் சுட்டலாயிற்று. பின்னர் அவர்க்கு இடும் உணவையும் சுட்டலாயிற்று. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் ஓம்பவேண்டியவர்களை எண்ணும்போது விருந்தையும் சுற்றத்தையும் வெவ்வேறாக வைத்து எண்ணுகிறது. விருந்தினர் போற்றத்தக்கவர், ஆனால் இன்னும் சுற்றத்தார் ஆகாதவர் என்னும் நுண்ணிய வேறுபாடு அதனாற் பெறப்படும்.

வம்பு என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நிலையின்மை என்பது. வழிச்செல்லும் புதியோர் வம்பலர் எனப்பட்டனர். வடக்கிருந்து வந்த மோரியர் வம்ப மோரியர் எனவும், வடுகர் வம்ப வடுகர் எனவும் அகநானூற்றிற் குறிக்கப்பெறுகின்றனர். காலமல்லாக் காலத்துப் பெய்யும் மழை வம்ப மாரி எனப்பட்டது. குறுந்தொகையின் 66 ஆம் பாடலில், அத்தகைய மாரியைக் கண்டு கார்காலம் வந்ததென மயங்கிப் பூத்த கொன்றை மரங்கள் பேசப்படுகின்றன. இன்றோ, வம்பு என்பது வீண் சண்டையையும் குறும்பையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

இரண்டு சொற்களும் புதுமையையே சுட்டின. ஒன்று ஓம்பப்படும் நிலைக்கு உயர்ந்தது. மற்றொன்று அஞ்சப்படும் நிலைக்குத் தாழ்ந்தது. வேறுபாடு வந்த பொருளின் இயல்பில் இல்லை என்பதற்கு வம்ப மாரியே சான்று. மழை நல்லதே, பருவத்தோடு பொருந்தாமையால் அது கொன்றையை ஏமாற்றிற்று. வருகின்ற எதுவும், வந்துசேரும் இடத்தின் முறையோடு பொருந்தினால் விருந்தாகும், பொருந்தாதொழியின் வம்பாகும். இக்கருத்தினை அளவுகோலாகக் கொண்டு கொல்லியின் வரலாற்றை நோக்குவோம்.

2. ஓரியின் மலையும் சேரர் பட்டமும்

கொல்லிமலையின் தலைவனாகச் சங்கச் செய்யுட்கள் காட்டுபவன் வல்வில் ஓரி. புறநானூற்றில் வன்பரணர் அவனது வில்லாண்மையையும் கொடையையும் பாடியுள்ளார். இவ்வோரியை முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக்காரி போரிற் கொன்று, அவனது மலையைச் சேரர்க்கு ஈந்தான் என்னும் செய்தி கல்லாடனார் பாடிய அகநானூற்று 209 ஆம் செய்யுளில் வருகிறது. ஓரியைக் கொன்ற காரி அவனுடைய ஊர்த்தெருவிற் புகுந்தபோது எழுந்த பேராரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320 ஆம் செய்யுளில் உவமையாக்குகிறார். தம் தலைவனை இழந்த ஊரில் அயலான் ஒருவன் அடிவைக்கும்போது எழும் குரல் அது. கொல்லியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, இங்ஙனம் ஒரு புதியோனின் வருகையைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. அவ்வருகை வன்முறையால் நிகழ்ந்தது, அதனை மறைத்தற்கில்லை.

ஆயினும் பின்னர் நிகழ்ந்தது கருதத்தக்கது. வென்றவர் மலைக்குத் தம் பெயரை இடவில்லை. மலையின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பல நூற்றாண்டுகள் கழித்துத் தோன்றிய குலசேகர ஆழ்வாரும் தம் பாசுரங்களிற் கொல்லியின் காவலர் எனத் தம்மைக் கூறிக்கொள்கின்றார். மலையை ஆள்வது பெருமை என்று கருதிய காலத்திலும், அப்பெருமை மலைக்கு உரியதேயன்றி வந்தவர்க்கு உரியதன்று என்னும் உணர்வு இப்பட்டத்திற் பொதிந்துள்ளது. ஓரியின் புகழும் அழியவில்லை. அவனை வென்றவரைச் சார்ந்து பாடிய புலவர்களே அவன் பெயரையும் உடன் பாடி நிலைநிறுத்தினர். இன்றும் ஆடித் திங்களில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழா தோற்றவன் பெயரால் நிகழ்கிறதேயன்றி வென்றவன் பெயரால் நிகழவில்லை. படைவலியால் வந்தோரும் இடத்தின் நினைவை அழிக்காது விட்டமையின், அந்நினைவு பிற்காலத்தார்க்கு உடைமையாயிற்று.

3. புதியர் பழங்குடியான வரலாறு

இன்று கொல்லிமலையின் 14 ஊராட்சிகளில் வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது இப்பெயரின் பொருள். கேரள நாட்டு மலையாள மொழியினர்க்கும் இவர்க்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழே. அரசின் அட்டவணையில் இவர்கள் பழங்குடியினராகக் குறிக்கப்பெற்றுள்ளனர்.

ஆனால் இம்மக்கள் தம்மைப்பற்றிக் கூறும் கதையோ தாம் புதியராய் வந்தவர் என்பது. காஞ்சிபுரத்தைத் தம் பழம்பதியாக இவர்கள் சொல்கின்றனர். தம் தெய்வத்தோடு புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வழியிற் பிரிந்து, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றிற் குடியேறினர் என்பது அக்கதையின் சுருக்கம். 1909 ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருந்தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். வந்தவர்கள் வேற்றுக் குடிப் பெண்களை மணந்தனர் என்றும், மலையில் முன்னரே வேடர் இருந்தனர் என்றும் இக்கதைகள் குறிப்பிடுகின்றன. கதைதோறும் விவரங்கள் வேறுபடுகின்றன. வந்த காலத்தை இவற்றைக்கொண்டு அறுதியிட இயலாது. செவிவழிக் கதையை வரலாறாகக் கொள்வது நம் கருத்தன்று. ஒரு குடி தன்னைப்பற்றி எதனை நினைவிற் கொள்ள விரும்புகிறது என்பதற்கு அக்கதை சான்றாகும், அவ்வளவே.

அங்ஙனம் நோக்கின், வியப்பான ஓர் உண்மை புலப்படும். தாம் வந்தேறியவர் என்பதனை இம்மக்கள் மறைக்கவில்லை; பெருமையுடன் சொல்லுகின்றனர். அதேவேளையில், தம் பெயரைக் காஞ்சியினின்று கொள்ளாது மலையினின்று கொண்டனர். தாம் கொணர்ந்த தெய்வத்தை வழிபட்டனர். மலையில் உள்ள அறப்பளீசுவரரையும் கொல்லிப்பாவையையும் தமக்குரியராக ஏற்றனர். மலையை நாடுகளாகப் பகுத்தனர். வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு முதலிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் போன்ற தலைமக்கள் வழியாக வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் முறையும் அமைந்தது. பழமை என்பது வந்த நாளை மட்டும் பொறுத்ததன்று. வந்த இடத்தின் முறையைத் தம் முறையாக்கிக்கொண்டு பல தலைமுறை அதனைக் காத்தலையும் பொறுத்தது என்பதே இவர்தம் வாழ்வு உணர்த்தும் பொருள்.

கடல் கடந்த தமிழரிடத்தும் இதற்கு ஒப்புமை காணலாம். மலாக்காவிற் சுல்தானியர் ஆட்சிக் காலத்தே வணிகத்தின் பொருட்டுச் சென்று தங்கிய தமிழர் வழியினர் மலாக்காச் செட்டிகள் எனப்படுகின்றனர். அவர்கள் நாளடைவில் மலாய் மொழியை வீட்டு மொழியாகக் கொண்டனர். உடையிலும் உணவிலும் அந்நாட்டு வழக்கத்தை ஏற்றனர். ஆயினும் சைவ வழிபாட்டை விடவில்லை. 1781 ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்தம் வழிபாட்டிடமாக விளங்குகிறது. கொண்டு வந்த அனைத்தையும் துறத்தலும் வேண்டா. வந்த இடத்தில் உள்ள அனைத்தையும் மாற்றுதலும் வேண்டா என்பதற்கு இவ்விரு குடியினரும் சான்றாவர். கொணர்ந்தது வீட்டிற்குள்ளும் கோயிலிலும் நின்றது. வெளியே, நிலத்திலும் தெருவிலும், வந்த இடத்தின் முறை நின்றது.

4. ஒரு கைப்பிடிச் சேறு

மேற்கூறியவை பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவை. ஒரு முறை புதியோன் ஒருவனுக்கு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை அவை அண்மையில் நின்று காட்டமாட்டா. அதனைக் காட்டும் சான்று இருபதாம் நூற்றாண்டிற் கிடைக்கிறது.

1913 ஆம் ஆண்டில் ஜெசி பிராண்ட், எவெலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயக் கிறித்தவத் தொண்டர் இருவர் மணம் முடித்துக் கொல்லிமலையிற் குடியேறினர். அக்காலத்தே இம்மலை காய்ச்சலுக்குப் பேர்போனது. கீழ்நாட்டார் ஏற அஞ்சுவர். ஜெசி பிராண்டும் 1929 ஆம் ஆண்டிற் காய்ச்சலால் மாண்டார். எவெலின் முதுமையிலும் மலைவாழ்வை விடாது, 1974 ஆம் ஆண்டில் மறைந்தார். கணவர் துயிலும் மலையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பெற்றார். சமய மாற்றத்தை நோக்கமாகக் கொண்ட இவர்தம் பணியை மதிப்பிடுதல் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. நாம் கருதுவது அவர்தம் மகனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி.

அம்மகன் பால் பிராண்ட் 1914 ஆம் ஆண்டில் இம்மலையிற் பிறந்தவர். பின்னாளில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றி, தொழுநோயாற் செயலிழந்த கைகளை அறுவை மருத்துவத்தாற் சீர்செய்து உலகப் புகழ் பெற்றார். 1985 ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதைக் கடந்தபின், ஒரு கைப்பிடிச் சேறு என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதிற் கொல்லிமலையிற் கண்ட ஒன்றை அதில் நினைவுகூர்கின்றார்.

மலைச்சரிவில் நெல் வயல்கள் படிப்படியாக அமைந்திருந்தன. ஒரு வயலின் நீர் வரப்பைக் கடந்து மெல்லக் கீழ்வயலுக்கு இறங்கும். சிறுவர் சிலர் அவ்வயலில் தவளை பிடித்து ஓடியாடி விளையாடினர். பிராண்டும் அவருள் ஒருவர். வயல்களையும் வாய்க்கால்களையும் காத்து வந்த முதியவர் ஒருவர் அங்கே வந்தார். ஊர்ச் சிறுவர் அவரைத் தாத்தா என்றே அழைப்பர். அவர் அடிக்கவில்லை, துரத்தவுமில்லை. குனிந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி, அது யாதென வினவினார். சேறு என்று சிறுவர் விடை கூறினர். அந்த ஒரு பிடிச் சேறு ஆண்டுதோறும் நெல் விளைத்து ஒருவரின் பசியைத் தணிக்கும் என்றும், கலங்கிய நீரோடு அது வரப்பைக் கடந்து இறங்கிவிட்டால் மலையின்மேல் மீண்டும் ஏறி வாராது என்றும் அவர் விளக்கினார். வரப்பைக் கடக்கும் நீர் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கற்பித்த அடையாளம்.

இந்நிகழ்ச்சியில் நான்கு கூறுகள் உள்ளன. ஒன்று, முறையைக் காப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். காவல் என்பது அனைவர்க்கும் பொதுவாய் விடப்பட்டு யார்க்கும் உரியதன்றிப் போகவில்லை. இரண்டு, அவர் தடையை மட்டும் சொல்லவில்லை. தடையின் காரணத்தையும் சொன்னார். காரணம் அறியாதவன் காவலர் இல்லாத இடத்தில் தடையை மீறுவான். அறிந்தவன் தானே காவலன் ஆவான். மூன்று, மலையிற் பன்னெடுங்காலம் வாழ்ந்த குடியில் வந்த சிறுவனையும் கடல் கடந்து வந்தவர் மகனையும் அவர் வேறுபடுத்தவில்லை. ஒரே சொல்லை இருவர்க்கும் சொன்னார். புதியோன் என்பதற்காகச் சலுகை இல்லை. புதியோன் என்பதற்காக இழிவும் இல்லை. நான்கு, முறை காக்கப்படுகிறதா என்பதைச் சிறுவர் தாமே கண்டறியத்தக்க எளிய அடையாளம் ஒன்றைக் கொடுத்தார். நீர் தெளிந்திருந்தால் நன்று, கலங்கினால் தீது.

ஊர்ச் சிறுவர்க்கும் அந்நாளில் அது புதிய பாடமே என்பதையும் மறத்தலாகாது. ஒரு குடியிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அக்குடிக்குப் புதிய வரவே. தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பழக்கத்தை விட்டுவிட்ட குடி, அயலார்க்கும் கற்பிக்க இயலாது.

5. வந்த பயிர்கள்

மக்களைப் போலவே பயிர்களும் புதியனவாய் வந்து குடிபுகுகின்றன. கொல்லிமலையில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் இம்மலை மக்களின் பழைய உணவு. இவற்றுட் கேழ்வரகு மிகப் பழங்காலத்தே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து இந்நாட்டிற்கு வந்ததென்பது பயிர்நூலார் முடிபு. இன்று அதனை அயற்பயிர் என்று கூறுவார் ஒருவருமிலர். அது மற்றத் தானியங்களோடும் அவரை, துவரை போன்றவற்றோடும் ஒரே புனத்திற் கலந்து விளைந்தது. அதன் விதையை வீடுதோறும் மக்களே எடுத்துவைத்தனர். அதன் விளைச்சலைத் தாமே உண்டனர். மலையின் பழைய முறைக்குள் அது ஓர் இடம் பெற்றதேயன்றி அம்முறையை இடம்பெயர்க்கவில்லை.

மரவள்ளியின் வருகை இதனின் வேறுபட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்கிழங்கு கடல்வழி வந்து முதலிற் கேரளப் பகுதியில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது நின்றமையால், 1940-களிற் சேலம் வட்டாரத்தில் மரவள்ளியிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. ஆலைகள் பெருகின; சேலத்திற் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு 1981 ஆம் ஆண்டிற் தோன்றியது. ஆலைகளின் தேவை மலையையும் எட்டியது. சிறுதானியம் விளைந்த புனங்கள் பல மரவள்ளித் தோட்டங்களாயின.

இதனைக் கொண்டு மரவள்ளியைப் பழித்தல் நேர்மையன்று. அது மலைமக்கள் கையிற் பணம் புழங்கச் செய்தது. பிள்ளைகளின் படிப்பிற்கும் மருந்திற்கும் உதவியது. ஆனால் அதன் விலை மலைக்கு வெளியே அறுதியிடப்படுகிறது. அது தனித்தே நிலத்தை ஆள முற்படுகிறது. சரிவான நிலத்திற் கிழங்கைப் பிடுங்குங்கால் மண் நெகிழ்ந்து மழையோடு இறங்குகிறது. தாத்தா கற்பித்த அடையாளம் இங்கே நினைவிற்கு வருதல் தகும்: மேலிருந்து இறங்கும் நீர் கலங்குகிறது. கேழ்வரகும் மரவள்ளியும் இரண்டுமே வெளியிலிருந்து வந்தவை. முன்னது மலையின் முறைக்குட் புகுந்தது. பின்னதை வெளியார் தேவையே விரைந்து பரப்பியது. இதுவே வேறுபாடு.

புதியது பழையதைக் காக்கவும் கூடும் என்பதற்கும் இம்மலையிலேயே சான்று உண்டு. சிறுதானியம் குறைந்தமைக்கு விலை மட்டும் காரணமன்று. சாமையையும் பனிவரகையும் உமி நீக்க உரலில் இட்டுக் குத்தும் கடுமுயற்சி முழுவதும் பெண்கள்மேல் இருந்தது. கடையில் அரிசி கிடைக்கும்போது அவ்வுழைப்பை அவர்கள் துறந்தமை இயல்பே. 1988 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களிலிருந்து இம்மலையிற் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. ஊர்தோறும் விதைகளைச் சேமிக்கும் விதை வங்கிகள் அமைந்தன; உமி நீக்கும் பொறிகள் வந்தன; மகளிர் குழுக்கள் தானியத்தை மாவாகவும் பிற உணவாகவும் ஆக்கி விற்கத் தொடங்கின. பொறியும் புதிது; குழுவும் புதிது; விற்பனை முறையும் புதிது. ஆயினும் இவை யாவும் பழைய விதைக்குத் துணையாய் வந்தன. 2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, கொல்லிமலையின் பெண்கள் கைவிடாது வைத்திருந்த சாமைக்கும் தினைக்கும் வெளியுலகின் மதிப்புக் கிடைத்தது.

6. இன்று ஏறி வருவோர்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை இன்று எவரையும் எளிதில் மேலே கொண்டுசேர்க்கிறது. ஆகாய கங்கை அருவியைக் காண வருவோர், அறப்பளீசுவரரை வழிபட வருவோர், மாசி பெரியண்ணசாமியைக் குலதெய்வமாகக் கொண்டு கீழ்நாட்டிலிருந்து வேண்டுதலோடு ஏறுவோர், மிளகும் காப்பியும் வாங்க வரும் வணிகர், மூலிகை தேடி வருவோர், விடுதி கட்ட நிலம் நாடுவோர் எனப் பலதிறத்தார் வருகின்றனர். மலையின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 40,000 மட்டுமே.

இவர்களுட் குலதெய்வ வழிபாட்டிற்கு வருவோர் நிலை தனித்து நோக்கத்தக்கது. அவர்கள் மலையில் வாழ்பவர் அல்லர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக வருகின்றவர். எந்த நாளில் ஏறுவது, எங்கே நிற்பது, யாரை முதலில் வினவுவது என்பதனைத் தம் பெற்றோரிடம் கற்று வருகின்றனர். அருவியை மட்டும் ஒரு நாள் கண்டு மீள்பவர்க்கு அங்ஙனம் கற்பிப்பார் இலர். அவர் தீயவர் அல்லர். ஆனால் அவர்க்கும் மலைக்கும் இடையே ஒரு தாத்தா இல்லை. வருவோர் தொகை சிறிதாய் இருந்தபோது ஒவ்வொருவர்க்கும் ஒருவர் சொல்ல முடிந்தது. விடுமுறை நாளிற் பெருந்திரள் ஏறும்போது அது இயலவில்லை. கற்பிப்போரின் ஆற்றலை மிஞ்சிய விரைவில் புதியோர் பெருகுவதே இன்றைய இடரின் வேர் என நாம் கருதுகின்றோம்.

7. ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழலாம். ஓரியும் மறைந்தான், சேரரும் மறைந்தனர், மலையாளிகளும் வந்தவர்களே, கேழ்வரகும் வந்ததே. எல்லாம் வந்தனவாயின், காக்கத்தக்க பழமை எது? மாறிக்கொண்டே இருப்பதனைக் காக்க முயல்வது வீண் அன்றோ?

காக்கப்படுவது பொருள்களின் பட்டியல் அன்று. பொருள்களை ஏற்கும் முறை என்பதே இதற்கு விடை. வயலில் ஓடும் நீர் ஒவ்வொரு கணமும் புதியதே. நேற்று ஓடிய நீர் இன்று இல்லை. ஆயினும் வரப்பும் சேறும் நிலைத்திருப்பதனால் வயல் வயலாக இருக்கிறது. நீரைத் தடுத்து நிறுத்தினால் பயிர் அழுகும். வரப்பை உடைத்துவிட்டால் மண்ணே போய்விடும். புதியோரை முற்றும் விலக்குவதும், முறையின்றி அனைத்தையும் திறந்துவிடுவதும் இவ்விரு பிழைகளை ஒக்கும்.

பழைய குடியின் வழக்கம் யாவும் நல்லதே என்பதும் நம் கருத்தன்று. பெண்கள்மேல் மட்டும் உரலின் சுமையை ஏற்றிய வழக்கம் மாறியதில் இழப்பு ஒன்றுமில்லை. மாற்றத்தை வேண்டியவர் யார், அதன் பயன் யாரைச் சேர்கிறது, அதனைத் திருத்தும் உரிமை யார் கையில் உள்ளது என்னும் மூன்று வினாக்களால் நல்ல மாற்றத்தைப் பிரித்தறியலாம். உமி நீக்கும் பொறியை இவ்வினாக்களால் ஆராய்ந்தால் விடை மலைமக்களையே சுட்டும். மரவள்ளியின் விலையை ஆராய்ந்தால் விடை மலைக்கு வெளியே செல்லும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. புதியோர் வருகை ஒரு குடியின் பண்பைத் தானே கெடுப்பதில்லை. கொல்லியின் பழங்குடியே ஒருகாற் புதுக்குடியாய் வந்தது எனத் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்கிறது. வருவோர்க்குரிய கடமை, பேசுமுன் கேட்டலும் மாற்றுமுன் அறிதலும் ஆகும். இடத்தின் பெயரைத் தாம் ஏற்பதேயன்றித் தம் பெயரை இடத்திற்கு ஏற்றாமையும் ஆகும். இருப்போர்க்குரிய கடமை அதனினும் பெரிது. முறையைச் சொல்லத் தக்கவரை அமர்த்துதல், தடையோடு காரணத்தையும் கூறுதல், தம் பிள்ளைக்கும் அயலார் பிள்ளைக்கும் ஒரே சொல்லைச் சொல்லுதல், கற்பிக்க இயலும் அளவிற்கு வருகையை வரையறுத்தல் ஆகியன அக்கடமையின் கூறுகள். இவற்றைச் செய்யாத குடி, தன் பண்பு கெட்டதென வந்தவரை மட்டும் நோவது பொருந்தாது.

இவ்வாராய்ச்சியைத் தொடர விரும்பும் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நாடுதோறும் ஊர்க்கவுண்டரும் முதுபெண்டிரும் நினைவிற் கொண்டிருக்கும் ஒழுகலாறுகளை, அவற்றிற்கு அவர்கள் கூறும் காரணங்களோடு சேர்த்து எழுதிவைத்தல் வேண்டும். வழக்கத்தை மட்டும் எழுதினால் அது காட்சிப்பொருளாகும். காரணத்தையும் எழுதினால் வருவோர்க்குக் கற்பிக்கும் நூலாகும். அம்முதியோர் உள்ளபோதே இது நிகழ்தல் வேண்டும். விருந்தும் வம்பும் ஒரே புதுமையின் இரு பக்கங்கள். எது எதுவாய் முடியும் என்பது, வந்தவரின் பணிவையும் இருந்தவரின் கற்பிக்கும் ஆற்றலையும் ஒருங்கே பொறுத்தது என்பது நம் துணிபு.